நைட்டு முறை

என் அன்பான சரோஜா அக்காவுக்கு,

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். இவள் அழப்போகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நம் ஆஸ்பத்திரியின் பிரசவ அறை ராத்திரியிலும் திறந்தே இருக்கிறது. மல்லிகாவும் நானும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம். இரண்டில் எதை நம்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போனபின் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். நர்ஸ்களில் நீங்கள் ஒருவர்தான் மலைமேலேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தீர்கள். நானும் மல்லிகாவும் அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஆட்கள். உங்கள் இடத்துக்கு வந்த பெண்ணும் அப்படித்தான். காலையில் பகல் நர்ஸை இறக்கிவிடுகிற பஸ், திருப்பிக்கொண்டு உடனே கீழே போய்விடும். அதை விட்டால் மத்தியானம்தான். அதனால் ராத்திரி பார்த்தவள் தாய்மார்களின் விவரத்தை உங்கள் காதில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவாள். நீங்கள் வருகிறவளிடம் நிதானமாக எடுத்துச் சொல்வீர்கள். அது ஒரு வேலை என்று எங்களில் யாருக்குமே தோன்றியதில்லை.

நீங்கள் இல்லாத முதல் வாரத்திலேயே தோன்றிவிட்டது. ஒரு கால் பஸ் படியில், ஒரு கால் தரையில். அப்படி நின்றுகொண்டு சொன்னதில் பாதி காற்றோடு போயிற்று. “அவள் சொல்லவே இல்லை” என்பேன் நான். “அவ காது குடுத்துக் கேக்கறதே இல்லீங்க” என்பாள் மல்லிகா. பஸ்ஸை விட்டவள் பசியோடு பெஞ்சில் உட்கார்ந்து மற்றவளைச் சபிப்பாள். நீங்கள் டூட்டி என்று சொல்லமாட்டீர்கள், முறை என்றுதான் சொல்வீர்கள். முறை மாற்றுகிற நேரம் நாங்கள் ஒருவரை ஒருவர் முறைக்கிற நேரமாகிவிட்டது.

கடைசியில் மல்லிகா கீழே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டாள். அவளும் போய்விட்டால் ராத்திரிப் பிரசவத்தை நிறுத்திவிடலாம் என்று மேலதிகாரிகளிடம் பேச்சு அடிபட்டது. வலி எடுத்தவளைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கவிடமாட்டேன் என்று எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றீர்கள், அக்கா? அத்தனையும் ஒரு பஸ்ஸால் வீணாகப் பார்த்தது.

புதிதாக வந்த டாக்டரம்மா நல்லவர். எங்களுக்குள் ஒற்றுமை வளர ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். வந்தவர் எங்களை வட்டமாக நிற்கவைத்து, பலூன் ஊதச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். மல்லிகா என்னைப் பார்த்து, “இவங்க நல்லா பலூன் ஊதறாங்க” என்றாள். அதோடு பயிற்சி முடிந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை. பகல் வேலைக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால், மல்லிகா பிரசவ அறையில் இருக்கிறாள். அப்போதுதான் பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. அவள் கையை எடுக்க முடியாது. வீட்டில் அவள் மகனுக்குக் காய்ச்சல் என்று வாசலிலேயே பாப்பாத்தி சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைத்து எங்களையும் கட்டி மேய்க்கிறவள் அவள்தானே. என்ன நினைத்தேனோ, திரும்பிப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

“நர்ஸ் ஒருத்தங்க வரோணுமுங்க, கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன்.

கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார். “அவங்க உங்களுக்கு என்ன முறைங்க?”

சொந்தமா என்று கேட்கிறார். சொந்தக்காரர் என்றால் எந்தப் பஸ்ஸும் நிற்குமே. எனக்கோ மூச்சு வாங்குகிறது, காதில் உங்கள் முறைதான் விழுந்தது. “நைட்டு முறைங்க” என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. பலாப்பழ மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “நைட்டு முறைன்னா கட்டிக்கற முறையா, கட்டாத முறையா, சாமி?” என்று கேட்டார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, “முறைன்னு சொல்லிப்போட்டாங்க. உட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?” என்றார்.

மல்லிகா எல்லாம் முடித்து, கை கழுவி, அந்தத் தாயின் விவரத்தை ஒன்றுவிடாமல் என்னிடம் சொல்லிவிட்டு வந்தாள். நானும் ஒன்றுவிடாமல் கேட்டேன். அவள் படியேறியதும், “நைட்டு முறை வந்தாச்சுங்க, எடுங்க” என்று பஸ் முழுக்கக் குரல். விஷயம் தெரிந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

டாக்டரம்மா அதை விடாமல் பிடித்துக்கொண்டார். டிப்போவில் பேசினார். கீழே போகிற வழியில் கடைத்தெருவில் டீக்கு நின்ற பஸ் இப்போது நம் வாசலில் நிற்கிறது. டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் நாங்கள் உட்கார்ந்து பேசி முடிக்கிறோம். பாப்பாத்தி மரவள்ளிக்கிழங்கு அவித்து வைக்கிறாள், ராத்திரி பார்த்தவள் சாப்பிடாமல் பஸ் ஏறக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். டாக்டரம்மாவுக்கும் அதே சட்டம்தான். மல்லிகா மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜெயித்துவிட்டோம் அக்கா. வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன், ஜெயித்துவிட்டோம்.

இனிதான் பெரிய சேதி. போன மாதம் உங்கள் மகள் தேன்மொழி நிறைமாத வயிற்றோடு மலையேறி வந்தாள். நாமக்கல்லில் அத்தனை ஆஸ்பத்திரி இருக்க, இங்கே எதற்கு என்று சத்தம் போட்டேன்.

“தலைப்பிரசவம் அம்மா ஊட்டுலதானுங்களே சின்னம்மா பாக்கறது? எனக்கு அம்மா ஊடு எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றாள்.

நான் சுவரில் மாலையோடு இருக்கும் உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் பையை வாங்கிக்கொண்டேன். டாக்டரம்மா நன்றாகப் பரிசோதித்து, பயமில்லை, இங்கேயே பார்க்கலாம் என்றார். பாப்பாத்தி தன் வீட்டில் தங்கவைத்து, பத்தியம் என்று பெயர் சொல்லி ஊரில் உள்ளதையெல்லாம் ஊட்டினாள்.

வலி எடுத்தது மல்லிகாவின் நேரத்தில். பிள்ளை பிறந்தது என் நேரத்தில். நான் வந்தபின்னும் அவள் போகவில்லை, தலைமாட்டில் நின்று தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெண் பிள்ளை, அக்கா. உங்கள் மூக்கு. நீங்கள் பூட்டவிடாத அறையில் உங்கள் பேத்தி அழுத முதல் அழுகை வெளியே பஸ் வரைக்கும் கேட்டதாம்.

அவளுக்கும் ஒருநாள் தலைப்பிரசவம் வரும். அன்றைக்கும் இந்த அம்மா வீடு திறந்திருக்கும். அதற்கு நாங்கள் பொறுப்பு.

உங்கள் பேத்திக்குச் சின்ன அம்மாயி ஆகிவிட்ட
சுமதி