வேலிப் பெட்டியின் டிக் சத்தம்

இஞ்சேருங்கோ,

நேற்றுக் காலை ரேடியோ ஒரு கரகரப்பும் இல்லாமல் தெளிவாகப் பாடியது. வேறு வீடென்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. பாட்டுக்கு நடுவே கேட்கும் அந்த "டிக்... டிக்..." இல்லையென்றால் உங்கள் வேலிப் பெட்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். பெட்டி நின்றால் வேலிக் கம்பியில் கரண்ட் இல்லை. கச்சான் கடலை பிடுங்க இன்னும் ஒரு கிழமை கிடந்தது. அது யானைக்குத் தெரியாதா என்ன?

அந்தப் பெட்டியை நீங்கள் செய்த நாட்களில் நான் ஏசாத ஏச்சு இல்லை. மாங்குளம் சந்தியில் ரேடியோவும் ரீவியும் திருத்துகிற புருசன், திருத்த முடியாததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து குவித்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? குசினி அலுமாரியில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் பழைய ரீவியின் குடல். கட்டிலுக்குக் கீழே, உடைந்த மோட்டார் சைக்கிளில் கழற்றிய கொயில். "பிளக்கில பொறி வர வைக்கிறது இதுதான் புள்ள. சின்ன பற்றரிக் கரண்ட ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏத்தி விடும்" என்று அதைக் குழந்தையைப் போல ஏந்திக் காட்டுவீர்கள். "ஏத்துங்கோ, சோத்துப் பானையை மட்டும் விட்டு வையுங்கோ" என்பேன். கடைசியில் எல்லாவற்றையும் குடிவைக்க நான் மா போட்டு வைத்திருந்த ஐஸ்கிரீம் பெட்டிதான் உங்களுக்கு வாய்த்தது.

அதற்கு முந்திய போகத்தில் கச்சானையும் வாழையையும் யானை உழக்கிவிட்டுப் போயிருந்தது. வீட்டு லைனில் இருந்து நேராகக் கம்பிக்குக் கரண்ட் கொடுத்துவிடலாம், அரை நாள் வேலை என்று என் தம்பி வந்து நின்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நீங்கள் அசையவில்லை.

"தொட்டவன் கைய எடுக்கிறதுக்கு நேரம் குடுக்கணும் மச்சான். நேர் லைன் புடிச்சா விடாது. இது அடிச்சிட்டு விடும், மறுபடி அடிச்சிட்டு விடும். யானை பயப்படணும், சாகக் கூடாது."

"அப்ப நீங்களே தொட்டுக் காட்டுங்கோவன்" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நீளமான புல் ஒன்றைப் பிடுங்கி, நுனியைக் கம்பியில் வைத்து, கையை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுபோனீர்கள். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே போனவர் "அம்மாடி!" என்று துள்ளிய துள்ளலில் சாரம் அவிழ்ந்ததைச் சொல்லித் தம்பி இன்றைக்கும் சிரிக்கிறான். நீங்களோ சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வேலை செய்யுது" என்றீர்கள்.

கோடையில் மண் காய்ந்தால் அடி குறையும் என்று, பெட்டியிலிருந்து மண்ணில் இறக்கிய இரும்புக் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு வந்தது. சட்டி கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றினேன். அந்த இடத்தில் பொன்னாங்காணி மண்டியது. கரண்ட் கீரை என்று பெயர் வைத்து நீங்கள் ஆசையாகச் சாப்பிட்டீர்கள்.

முதல் தடவை அந்த ஒற்றை யானை தும்பிக்கையால் கம்பியைத் தொட்டுப் பிளிறிக்கொண்டு ஓடிய விடியற்புறம் நான் கைதட்டினேன். நீங்கள் கைகூப்பினீர்கள். "கோவிச்சுக்காத புள்ளையாரப்பா. எங்களுக்கு இந்த ஒரு துண்டுதான். காடு பூரா ஒனக்கு." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடிக்கிறதும் நீங்கள், மன்னிப்புக் கேக்கிறதும் நீங்களோ?" என்று கேட்டேன். "ஆமா" என்றீர்கள். மலைநாட்டில் இருந்து வந்த உங்கள் அப்பாவின் பேச்சு அப்படியே உங்கள் வாயில். இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்தும் "ஆமா"வுக்குப் பதிலாக எங்கள் பக்கத்து "ஓம்" ஒன்று வரவில்லை.

கரண்டோடு விளையாடி ஒரு நாள் போகப்போறீங்கள் என்று ஏசியதுதான் மிச்சம். கரண்ட் உங்களை ஒன்றும் செய்யவில்லை. போன மாரியில் நெஞ்சுதான் ஏமாற்றிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று விஷயத்தைச் சொன்னவுடன் தம்பி வயர்ச் சுருளோடு வந்துவிட்டான். "அக்கா, அத்தானும் இல்லை. இனி ஆர் இதைத் திருத்துறது? பெட்டியை எறிஞ்சுபோட்டு லைனைக் குடுப்பம். விளைஞ்ச கச்சானை யானைக்குக் குடுக்கப் போறீங்களோ?" அவன் கேட்டதில் பிழை இல்லை. இந்தக் கச்சான் போனால் இந்த வருடமே போய்விடும். ஆனால் அந்த வேலியோரமாகத்தானே அயலவர்கள் விறகுக்குப் போகிறார்கள், மாடுகள் போகின்றன. "பொழுதுபடும் வரைக்கும் பொறு, நான் ஒருக்காத் திறந்து பாக்கிறன்" என்றேன்.

பற்றரியைக் கழற்றினேன். "கழட்டின ஒடனே கை வைக்காத, உள்ளுக்குள்ள மிச்சம் இருக்கும். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா" என்பீர்களே, அப்படியே குடித்துவிட்டு வந்துதான் மூடியைத் திறந்தேன். உள்ளே எறும்புக் குடும்பம், முட்டையும் குஞ்சுமாக. மண்ணைத் தட்டி, வயர் முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைப் பழைய பல் தூரிகையால் தேய்த்தேன். பற்றரியைத் திரும்பப் பூட்டினேன். டிக்.

தம்பி நம்பவில்லை. நான் செருப்பைக் கழற்றினேன். புல்லைப் பிடுங்கினேன். அடி முழங்கை வரைக்கும் ஏறியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அப்படியும் அவன் வயர்ச் சுருளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இங்கேயே படுத்தான்.

இன்று விடியற்புறம் யானை வந்தது. அதே ஒற்றை யானைதான். குசினிக் கதவோரம் நாங்கள் நின்று பார்த்தோம். கச்சான் பக்கமாகத் தும்பிக்கையை நீட்டியது. கம்பி பட்டது. உடம்பு முழுதும் உதறியது. ஒரு பிளிறல் பிளிறிவிட்டுத் திரும்பிக் காட்டுக்குள் போனது. நாலு காலில், உயிரோடு போனது.

தம்பி கைதட்டினான். நான் முற்றத்தில் இறங்கிக் கைகூப்பி நின்றேன். "கோவிச்சுக்காத புள்ளையாரப்பா" என்று உரக்கவே சொன்னேன்.

தம்பிக்குச் சிரிப்பு. "அடியும் குடுத்து மன்னிப்பும் கேக்கிறீங்களோ அக்கா?" என்றான்.

"ஆமா" என்றேன்.