பதினைந்து வாட்

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். நீயும் நம்பாதே.

நீ மனசுக்குப் பிடித்தவனோடு போனபோது உன் அறையில் விட்டுச்சென்ற இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை, உன் அப்பா கூடத்துக்குத் தூக்கிவந்தார். திடீர் சங்கீத ஞானம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் அக்கா, அதுதான் உன் அம்மா, உன்னோடு ஃபோனில் பேச உட்கார்ந்ததும் பாட்டுப் போடுவதற்கு. உன் குரல் தன் காதில் விழக்கூடாதாம்.

ஆம்பிளிஃபையர் வாங்க என்னையும் இழுத்துப்போனார். கடைக்காரர் கூடத்தின் நீள அகலம் கேட்டு, அறுபது வாட்டாவது வேண்டும் என்றார். சின்னதை வாங்கி முழுக்கத் திருகினால் சத்தம் உடைந்து, பெட்டியின் மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் கருகிவிடும் என்று நீதிபதி தோரணையில் தீர்ப்பும் சொன்னார். உன் அப்பா தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். கச்சேரி கேட்கவா வாங்குகிறேன், ஒரு ஃபோன் பேச்சை அமுக்கினால் போதும் என்று பதினைந்து வாட்டோடு திரும்பினார்.

வயர் இழுத்தது நான். அக்கா சமையலறைக்குப் போனால் ஒரு பெட்டியும் பின்னாலேயே போகவேண்டும் என்று, காலிங் பெல்லுக்குப் போடும் மெல்லிய வயரையே அவ்வளவு நீளத்துக்கு இழுக்கச் சொன்னார். நான் சும்மா இருப்பேனா? ஒரு பெட்டியில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தேன். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், உன் அப்பா அம்மா குடித்தனம் போல. இரண்டும் ஒன்றையொன்று தின்று, பாட்டின் மேளச் சத்தம் மாயமாகிவிட்டது. அவர் குமிழைக் கடைசிவரை திருகினார். எதிர்வீட்டுப் பூனை சந்நியாசம் வாங்கிக்கொண்டது. மாடிவீட்டுக்காரரின் பொய்ப்பல் டம்ளரிலிருந்து எழுந்து தெருமுனைவரை ஓடியது.

அக்கா ஃபோனிலேயே இருக்கும் ஸ்பீக்கரைப் போட்டு, கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, “ம், ம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா ஒப்புக்குத்தான் பேசுகிறாள் என்று என்னிடம் குறைப்பட்டாயே, அவளுக்கு நீ பேசியது எதுவுமே கேட்டதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவே புகை நாற்றம். சின்ன ஸ்பீக்கர்கள் கருகின; பின்னாலேயே ஆம்பிளிஃபையரும் உயிரை விட்டது. வீடே அடங்கிய அந்த நொடியில், சமையலறையிலிருந்து உன் குரல் கணீரென்று வந்தது.

“அப்பா செத்தா மட்டும் சொல்லி அனுப்பும்மா. அதுவரைக்கும் கூப்பிடாத.”

நீ வைத்துவிட்டாய். உன் அப்பாவின் கை குமிழிலேயே இருந்தது.

மறுநாள் தனியாகப் போய் அறுபது வாட் வாங்கிவந்தார். பெட்டிகளைப் பழுதுபார்த்து, தடித்த வயர் போட்டு, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று ஒழுங்காக இணைத்தேன். இன்றுவரை அதை அவர் போடவில்லை. ஃபோன்தான் வருவதில்லையே, எதை அமுக்கப் போடுவது?

அக்கா ஞாயிறு காலையிலேயே ஃபோனை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுகிறாள். கூப்பிடாதே என்றாய், அவள் கூப்பிடவில்லை. நீ கூப்பிடு. அவளுக்கு நீ பேசுவது ஒருமுறையாவது முழுசாகக் கேட்கட்டும்.

பூனை, பொய்ப்பல் எல்லாம் என் கைச்சரக்கு. வயரை மாற்றிக் கொடுத்தேன் என்றதும் வெறும் ஜம்பம். ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நம்பு. புது வயரை நான் முறுக்கிக்கொண்டிருந்தபோது, உன் அப்பா பக்கத்தில் வந்து குந்தி, “அவ சொன்னது உனக்கும் கேட்டுச்சா?” என்றார். இல்லை அத்தான் என்றேன். அது நிஜமாக நடந்தது.

நீ நன்றாயிரு, அம்மா.

உன் மாமா