பூஜையிலிருந்து எடுத்த சரித்திரப் புத்தகம்

செப்டம்பர் 26, சனி

காலையில் மழை. எழுத்து கோணல். வரி கீழே கீழே இறங்குகிறது. மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? படிக்கப்போவது நான்தான். இருந்தாலும் கேட்பது மரியாதை.

முதியோர் வகுப்பு முடிந்து ஒரு மாதம். இந்த நோட்டு மருமகள் கனகம் வாங்கித் தந்தது. தமிழ் எழுத்து எங்கே கண்டாலும் வாசித்துவிடுகிறேன். இந்த ஊர் மலையாளப் பலகைகள் இன்னும் எனக்குப் படம்தான்.

கனகம் நாகர்கோவிலில் பி.ஏ. சரித்திரம் படித்தவள். இங்கே காலேஜில் எம்.ஏ. சேரலாமா என்று கொஞ்ச நாளாக யோசனை. இன்று வேண்டாம் என்றுவிட்டாள். குழந்தை சின்னது. பாடம் முழுக்க இங்கிலீஷ். “நான் தமிழ்ல படிச்சவ மாமா. அங்க போய் முழிச்சிட்டு நிக்கணும்.”

மகன் முருகேசன், பழவங்காடியில் ஜவுளிக்கடை வேலை, சிரித்தான். “எம்.ஏ. படிச்சு செத்த ராஜாக்களுக்குத் திவசம் கொடுக்கப் போறியா?” அவளும் சிரித்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் பலமாக இருந்தது.

செப்டம்பர் 28, திங்கள்

வெயில். வாங்க வேண்டியது: பொரி, அவல், சர்க்கரை, பேத்தி அம்முவுக்குப் பாவாடை. வியாழன் விஜயதசமி. அவளை அரிசியில் எழுத வைக்கிறோம்.

கனகம் பி.ஏ. புத்தகங்களைக் கட்டி வாசலில் வைத்தாள். பழைய பேப்பர்காரன் வந்தால் கொடுக்கச் சொன்னாள். வந்தான். போனான். நான் வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் 29, செவ்வாய்

சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைக்க வேண்டும். அப்புறம் விஜயதசமி காலை வரை யாரும் படிக்கவோ எழுதவோ கூடாது. டீ மாஸ்டராக இருந்தபோது கெட்டிலுக்குச் சந்தனம் வைத்ததோடு சரி. இந்த வருஷம் எனக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. வீட்டில் எழுத்துள்ளது எல்லாம் சேர்த்தாயிற்று. கனகத்தின் கட்டு, பஞ்சாங்கம், ரேஷன் கார்டு, கரண்ட் பில். இனி இந்த நோட்டு. பேனா. வைக்கிறேன்.

அக்டோபர் 1, வியாழன்

எழுதாமல் கை அரித்தது. நேற்று ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்ததாம். கார்டு சரஸ்வதி படத்தடியில். எடுக்கக் கூடாது என்றேன். “அம்மனுக்கு எதுக்குப்பா மண்ணெண்ணெய்?” என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போனான் முருகேசன்.

நேற்று மத்தியானம் இன்னொன்று. டீக்கடையிலிருந்து வந்தேன். கனகத்தைக் காணோம். பின்னால் துவைகல்லில் உட்கார்ந்து படிக்கிறாள். பூஜைக் கட்டை அவிழ்த்து ஒரு புத்தகம் எடுத்திருக்கிறாள். மேலே குங்குமம்கூட அப்படியே. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

“ஒரு பக்கம்தான் மாமா.”

பாதிப் புத்தகம் தாண்டியிருந்தது. என்ன இருக்கிறது அதில் என்றேன்.

“எங்க அம்மா பிறக்கும்போது எங்க வீடு திருவிதாங்கூர். நான் பிறக்கும்போது தமிழ்நாடு. வீடு அங்கேயேதான் நிக்குது, அல்லே? புத்தகத்துல அதுக்கு மூணே வரி மாமா. மீதி எங்க இருக்கு?”

எனக்கு என்ன தெரியும்? படி என்றேன். எதிர்வீட்டுச் சந்திரிகா உள்ளே வந்து எட்டிப் பார்ப்பாளே என்று நாற்காலியைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும் முன் புத்தகம் கட்டுக்குள் போய்விட்டது. பாவம் என்றால் பாதி எனக்கு.

இன்று காலை பூஜை எடுத்தோம். அம்மு அரிசியில் எழுதினாள். கொஞ்சம் தின்றாள். பிறகு பெரியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாசிக்க வேண்டும். கனகம் புத்தகத்தின் நடுவிலிருந்து தொடங்கினாள். ஏன் முதலிலிருந்து இல்லை என்று கேட்டான் முருகேசன். அவள் மழுப்பியிருக்கலாம்.

“அதுவரைக்கும் நேத்தே படிச்சாச்சு.”

“பூஜையிலேருந்து எடுத்தா?”

“ஆமா.”

அவன் என்னைப் பார்த்தான். நான் உத்தரத்தைப் பார்த்தேன். அம்மு அரிசியை மென்றாள்.

“அப்ப நீ காலேஜ் போகத்தான் செய்வே,” என்றான்.

அவள் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

அக்டோபர் 2, வெள்ளி

மறுபடி மழை. தோசை. அம்முவை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. வாயில் தோசை, அதனால் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவது போல. கனகம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

திங்களன்று காலேஜில் கேட்கப் போகிறாள். இடம் இருக்குமோ என்னவோ. இங்கிலீஷ் பயம் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறாளாம். என்ன ஆயிற்று என்று அடுத்த வாரம் எழுதுகிறேன், அம்மு தூங்கினால்.