இரண்டாம் எண் டிராமில் மூன்று சுற்று

தங்கை ரதோய்காவுக்கு,

வல்யேவோவிலிருந்து அக்கா தெசாங்கா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையில்லை. பேரப்பிள்ளைகள் சுகம். நான்காம் வகுப்போடு நின்ற கையெழுத்து, பொறுத்துப் படி.

போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுப் புனித மிக்கேல் திருநாளுக்குப் பெல்கிரேடுக்கு நான் வந்தேன். வரவில்லை என்று நினைத்திருப்பாய். அழைக்காமலே போகிற விருந்து அது. பத்தொன்பது வருஷமாக வராதது என் வீம்பு. அம்மா இறந்த நாற்பதாம் நாள் விருந்தில் எல்லார் முன்னாலும் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இவளைப் பெல்கிரேடுல விட்டா ஆடு மாதிரி முழிச்சிக்கிட்டு நிப்பா." அன்று உன் பழுப்புக் கோட்டில் மூன்றாவது பொத்தான் இல்லை.

அதனால்தான் யாரிடமும் வழி கேட்பதில்லை என்று கிளம்பினேன். வந்து பார்த்தால் பேருந்து நிலையத்தையே ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்! ஏதோ ஒரு பஸ்ஸில் பாலம் தாண்டினேன். டிக்கெட் கேட்டால் ஓட்டுநர் சிரிக்கிறார்: "இப்ப யாருக்குமே டிக்கெட் கிடையாது பாட்டி, உக்காருங்க." ஓசியில் வந்தவள் என்று நீ சொல்லிக் காட்டாதே.

இரண்டாம் எண் டிராமைப் பார்த்ததும் தெம்பு வந்தது. உன் வீட்டுக்கு நீலக் கதவு பேக்கரியில் இறங்கவேண்டும். அதைத் தாண்டி நான் போனதேயில்லை. பேக்கரி வரவேயில்லை. கோட்டை வந்தது, பழைய ரயில் நிலையம் வந்தது, மறுபடியும் கோட்டை. கடைசி நிறுத்தம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவள், "இது சுத்திக்கிட்டேதாம்மா இருக்கும், கடைசின்னு ஒண்ணு கிடையாது. எங்க போகணும்?" என்றாள். "ஊர் பாக்க வந்தேன்" என்றேன். மடியில் உனக்கான காபிப் பொட்டலம்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நிறுத்தத்தில் நரைத்த கிழவி ஒருத்தி, குளிரில் கோட்டுகூட இல்லாமல், சமையல் ஏப்ரனோடு டிராமுக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். பைத்தியம் என்று நினைத்தேன். மூன்றாம் சுற்றில் பொழுது சாய்ந்தது. ஊர் பஸ்ஸை விட்டுவிடுவேன் என்று திரும்பிவிட்டேன்.

நேற்றுத்தான் என் மகன் மிலோயே சொல்கிறான், "அம்மா வர்றாங்க சித்தி" என்று அன்று காலையே உனக்குப் போன் செய்தானாம். அந்தக் கிழவி இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நம் அம்மா அப்படித்தான் நிற்பாள். எனக்கு உன் கறுப்புப் பின்னல்தான் ஞாபகம்.

விருந்தாளிகளை விட்டுவிட்டு எவ்வளவு நேரமடி நின்றாய்? சளி பிடித்ததா? நீ அன்று சொன்னது சரி என்று மட்டும் நினைத்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த புதன்கிழமை வருகிறேன். அதே இடத்தில் நில். கோட்டுப் போட்டுக்கொண்டு நில். நான் இறங்காவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடு.

புனித மிக்கேல் உன்னை அதுவரை காக்கட்டும்.

உன் அக்கா,
தெசாங்கா