இரண்டு சைஸ் பெரியதாக

என் சிஸ்டரம்மாவுக்கு,

இங்கே நானும் மூன்று பிள்ளைகளும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். பொடிசு மட்டும் பாதியிலேயே தூங்கிவிடுகிறாள், அந்தப் பாதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் எங்கே பேச விடுகிறார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் நம் பையன், அந்த இன்ஜினியர், பிடுங்குகிறான். அவன் கையிலிருந்து பொடிசு பிடுங்குகிறாள். என் கைக்கு வந்து சேரும்போது உனக்கு ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. மிச்சம் கிடைக்கிற இரண்டு நிமிஷத்திலும் பெரியவள் பக்கத்தை விட்டு நகருவதில்லை. அவள் காதில் விழக் கூடாத பேச்சு ஒன்று இருக்கிறது. அதனால்தான் பிள்ளைகளைக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் விட்டுவிட்டு, ஆலயத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவில் வந்திருக்கும் உன் அறைத்தோழி செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்பினால் பண்டிகைக்கு முன்னால் உன்னிடம் வந்து சேரும்.

முதலில் என் பாட்டைக் கேள். கடையில் மூச்சுவிட நேரமில்லை. டிசம்பர் பிறந்துவிட்டால் ஊரில் இருக்கிற அத்தனை காலும் எங்கள் செருப்புக் கடைக்குத்தான் வருகிறது. குழந்தைகள் பிரிவோடு மாடியில் இருக்கிற பெண்கள் பிரிவையும் முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். சம்பளத்தையும் கூட்டித்தான் கட்டியிருக்கிறார், அதனால் முகத்தைச் சுளிக்காதே. குனிந்து நிமிர்ந்து இடுப்புதான் என் சொல் கேட்க மாட்டேன் என்கிறது. தைலம் தேய்த்துவிட இன்ஜினியரைக் கூப்பிட்டால், எந்த இடத்தில் வலிக்கிறது, ஏன் வலிக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறானே தவிர, தேய்க்கிற வழியைக் காணோம்.

கடைக்கு வருகிற பெற்றோர் எல்லாருக்கும் ஒரே வசனம்தான். பிள்ளையின் காலைப் பலகையில் வைத்து அளந்து, சரியான ஜோடியைத் தேடி மாட்டிவிடுவேன். உடனே ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெரிசா குடுங்க என்பார்கள். நானும் சரி என்று எடுத்துக் கொடுத்துவிடுவேன். வாங்க வந்தவரிடம் வாய் கொடுத்தால் யார் எனக்குச் சம்பளம் கொடுப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அதையேதான் சொன்னாய். இந்த வருஷம் பார்சல் அனுப்பவில்லை, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நாலு நாளில் உடைகிற சாமானாக இருக்கக் கூடாது, நின்று உழைக்க வேண்டும் என்றாய். நியாயம்தான். போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய ரிமோட் கார், இன்ஜினியர் கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடைக்கும் வரைதான் ஓடியது. பொடிசின் பாடுகிற பொம்மை தண்ணீர் வாளியில் ஒரு முங்கு போட்டதோடு வாயை மூடிக்கொண்டது. பெரியவளின் கலர் பென்சில்களை மற்ற இரண்டு பேரும் பங்கு போட்டுத் தீர்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவள் எதற்குமே எதுவும் சொல்வதில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் அவள்தான். பையனுக்கு சைக்கிள், அதுவும் பன்னிரண்டு வயசுக்காரர்கள் ஓட்டுகிற உயரத்தில். சின்னவளுக்கு அடுக்கி விளையாடுகிற மரக்கட்டைகள், ஏழெட்டு வயசு வரைக்கும் போதுகிற பெரிய பெட்டி. மூன்று பேருக்கும் மழைக்கோட்டு, கையெல்லாம் நீளமாக. பெரியவளுக்கு என்ன பிடிக்குமோ அவளிடமே கேளுங்கள் என்று முடித்துவிட்டாய். அப்புறம் போன் என் கைக்கு வந்தது. ஏப்ரலில் ஒப்பந்தம் முடிகிறதே, டிக்கெட் எப்போது போடுவார்கள் என்று கேட்டேன். பாக்கலாங்க என்றாய்.

எனக்கு அந்தப் பாக்கலாம் புதிதில்லை. கல்யாணமான புதிதில் உன் அம்மா வீட்டுக்குப் போனால் எப்போது திரும்புவாய் என்று கேட்பேன். இதே பாக்கலாம்தான் வரும். அப்போதாவது பஸ்ஸைப் பிடித்து வந்து வாசலில் நின்றுவிடுவேன். இப்போது நடுவில் கடல் கிடக்கிறது.

சரி, பரிசு வாங்கின கதைக்கு வருகிறேன். நேற்று முதலாளியிடம் அரை நாள் கெஞ்சி வாங்கினேன். சின்னது இரண்டையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பெரியவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் பொம்மைக் கடை. உழைக்குமா என்று பார்க்க ஒரு மரக்கட்டையை எடுத்து மேலேயிருந்து தரையில் போட்டேன். கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் முகம்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்காகவே வாங்க வேண்டியதாயிற்று. பரவாயில்லை, நாலு வயசிலும் விளையாடலாம், ஏழு வயசிலும் விளையாடலாம், அதில் எனக்கும் உனக்கும் சண்டை இல்லை.

பொடிசு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ போகும்போது கையில் தூக்கி வைத்திருந்த பிள்ளை அது. இப்போது அவள் போனையே அம்மா என்றுதான் சொல்கிறாள். அன்றொரு நாள் காலையில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அம்மாவுக்குச் சார்ஜ் இல்லை, ஒயரை மாட்டுங்கள் என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். இன்ஜினியர் தரையில் உருண்டு சிரித்தான். பெரியவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். அப்புறம் ஒயரைக் கொண்டுவந்து மாட்டியதும் அவள்தான்.

அடுத்தது சைக்கிள் கடை. பையனுக்கு என்ன வயசு என்றார் கடைக்காரர். ஒன்பது என்றேன். பன்னிரண்டு வயசு சைஸில் எடுத்துக் கொடுங்கள் என்றாள் பெரியவள். அவன் கால் தரையில் எட்டாதே, விழுந்து வாரிக்கொண்டு வருவானே என்றேன். கடைக்காரர் காதில் விழாமல் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அம்மா சொன்ன சைஸெல்லாம் யோசிச்சுப் பாத்தேம்ப்பா. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்கு அவங்க வரமாட்டாங்க. அவங்க வர்றப்ப தம்பிக்கு இது சரியா இருக்கும்."

நான் அவளிடம் ஒன்றுமே சொன்னதில்லை. உன் பாக்கலாம் எனக்கு உறுத்தியது உண்மை, ஆனால் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். நீ பரிசு என்று சொன்னதை அவள் தேதியாகக் கேட்டிருக்கிறாள். ஒரு வாரமாக அதை மனசில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

இன்ஜினியருக்குக் கறுப்பு ஷூ அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு சைஸ் பெரியது. நுனியில் பஞ்சு அடைத்துப் போட்டுவிட்டேன். ஓட்டப் பந்தயத்தில் பாதியிலேயே ஒரு ஷூ கழன்று போய், ஒற்றை ஷூவோடு திரும்பி வந்தான். காலை இழுத்து இழுத்து நடந்து குதிகால் தேய்ந்தது. கால் வளர்ந்து பஞ்சை எடுத்த சமயத்தில் அடி வாய் பிளந்துவிட்டது. அந்த ஷூ அவனுக்குச் சரியாக இருந்த நாள் என்று ஒரு நாள்கூட இல்லை. கடையில் தினமும் பார்க்கிற விஷயம்தான் இது. இருந்தும் அந்த சைக்கிளுக்கு முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வயசுக்காரன் இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்காருகிற சைக்கிளையே எடுத்தேன். சீக்கிரம் சின்னதாகிவிடும் சார், வளர்ற பையன் என்று கடைக்காரர் ஆரம்பித்தார். நான் வருஷம் முழுக்கக் கேட்கிற வசனத்தை எனக்கே திருப்பிச் சொல்கிறார். வளரட்டுங்க என்றேன்.

மழைக்கோட்டும் அவரவர் அளவுக்கே எடுத்துவிட்டேன். நீ சொன்னதைக் கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்வதாக இருந்தால் கோபித்துக்கொள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. உனக்கு என்னம்மா வேண்டும், ரொம்ப நாளைக்கு இருக்கிற மாதிரி ஒன்று சொல்லு என்று பெரியவளைக் கேட்டேன். முன்னாலேயே முடிவு பண்ணிவைத்தவள் மாதிரி என் கையைப் பிடித்து ஒரு பாத்திரக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் பாட்டில் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். மேல் தட்டில் இருந்த பெரிய பிரஷர் குக்கரைக் காட்டினாள்.

"நம்மகிட்ட இருக்கறது சின்னதுப்பா. ரெண்டு தடவை வைக்க வேண்டியிருக்கு. தம்பியும் இப்ப நிறைய சாப்பிடுறான். இது பத்து வருஷம் உழைக்குமாம்."

பதிமூன்று வயசுப் பிள்ளை கிறிஸ்துமஸ் பரிசாகக் குக்கர் கேட்கிறது. காலைச் சமையல் என்னுடையது, உனக்குத் தெரியும். இந்த மாதம் கடை மூட நேரமாவதால் சாயங்காலம் அவள் வைக்கிறாள். ஏதோ ஒரு மாதத்துக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பத்து வருஷத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறாள். அழுது கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கேரண்டி அட்டையில் முத்திரை குத்திக் கொடுப்பார்களா என்று விசாரித்தாள். பொறுப்பான பொண்ணு சார் என்று கடைக்காரர் என்னைப் பாராட்டினார். அவரை ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. அவர் என்ன செய்வார் பாவம்.

குக்கர் வாங்கவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றேன். உன் வார்த்தை என் வாயில் வந்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நேராக எங்கள் கடை மாடிக்கு அவளைக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். உனக்குப் பிடித்த ஷூ எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். அவள் எடுத்தது பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற கறுப்பு ஜோடி. போட்டுக்கொண்டு, குனிந்து, நுனியைத் தன் கட்டைவிரலால் தானே அமுக்கிப் பார்த்தாள். அடுத்த சைஸ் இருக்கிறதா என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அது பெற்றவர்கள் செய்கிற வேலை. வேறு பெட்டி எடுக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றுவிட்டு வந்தேன்.

வரும்போது மெரூன் கலரில், பக்கத்தில் சின்ன பக்கிள் வைத்து, கொஞ்சமே கொஞ்சம் ஹீல் உள்ள ஒரு ஜோடியைக் கொண்டுவந்தேன். அவள் காலுக்கு அச்சாகச் சரியான அளவு. இது ஆறு மாசம்கூட வராதுப்பா, சின்னதாகிவிடும், வீண் செலவு என்று உன்னைப் போலவே ஆரம்பித்தாள். நடந்து மட்டும் காட்டு என்றேன். கண்ணாடி வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். யாரும் சொல்லாமலே மறுபடியும் ஒருமுறை போய் வந்தாள். கழற்றுகிறபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. பண்டிகைக்குத்தான் தருவேன் என்று பெட்டியை அலமாரி மேல் வைத்திருக்கிறேன். ஸ்டூல் இடம் மாறியிருப்பதைப் பார்த்தால், நான் இல்லாத நேரத்தில் திறந்து பார்க்கிறாள் என்று தெரிகிறது.

ஆக, நீ கேட்டபடி நிலைத்து நிற்கிற பரிசு வீட்டில் மரக்கட்டைப் பெட்டி ஒன்றுதான். மற்றதெல்லாம் இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு வாங்கியது. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் எல்லாமே சின்னதாகிவிடும்.

உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே. நீ யாருக்காக அங்கே உழைக்கிறாய் என்பதை மறந்து பேசுகிற ஆள் நான் இல்லை. மேட்ரன் உன்னை விட மாட்டேன் என்கிறார்கள் என்று உன் அறைத்தோழி பெருமையாகத்தான் சொன்னாள். படிப்புச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, அதுவும் நிஜம். ஆனால் எனக்கும் வேலை கூடியிருக்கிறது, சம்பளமும் கூடியிருக்கிறது. நீ இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேரலாம். கொஞ்சம் இழுத்துப் பிடித்துப் போக வேண்டியிருக்கும், போவோம்.

புது ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதே. போட்டுவிட்டாய் என்றால், கிறிஸ்துமஸ் அன்று காலையில் போன் பண்ணிப் பெரியவளிடம் தனியாகப் பேசு. மற்ற இரண்டையும் நான் வெளியே கூட்டிப்போய்விடுகிறேன். நல்லா இருக்கியா என்று கேட்காதே, நல்லா இருக்கேம்மா என்றுதான் சொல்வாள். எப்போது வருவாய் என்று நீயே சொல்லு. பாக்கலாம் என்று மட்டும் சொல்லாதே. என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பாட்டு முடிந்து பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், நிறுத்த வேண்டும். பிள்ளைகளைக் காட்டியே இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். அவர்கள் பேரைச் சொன்னால்தான் நீ கேட்பாய் என்று நினைத்தேனோ என்னவோ. இடுப்பு வலியையும் கடை வேலையையும் நான் சமாளித்துக்கொள்வேன். நீ இல்லாமல் இருப்பதைத்தான் சமாளிக்க முடியவில்லை. எனக்காகவும் வா.

நீ நிற்கிற வார்டிலும் நடக்கிற வழியிலும் ஆண்டவர் உனக்குத் துணையாக இருந்து, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வீட்டுக்காரன்.