கேட்காமல் வந்தவன்

பாடனுக்குப் பக்கத்தில்,
2024 பங்குனி 11

அன்பு மச்சான் சிவலிங்கத்துக்கு,

இங்கே நானும் ராஜேஸ்வரியும் சுகம். உன் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. தொண்டை ஒப்பரேசனோடு உன் குரல் போய்விட்டது. டெலிபோனில் நான் மட்டும் கத்திக்கொண்டிருக்க முடியாது. ஒருவரும் பார்க்க வரவேண்டாம் என்று நீ சொன்னதால் உன் ஊர் லா ஷோ-து-ஃபோன் பக்கமே நான் வரவில்லை. அது எனக்கு நோகவில்லை என்று நினைத்தாயானால் நீ ஒரு மடையன்.

எங்கள் ஊர்த் தேகப்பயிற்சிக் கழகத்தைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். வியாழன்தோறும் பள்ளிக்கூட மண்டபத்தில் வயதான ஆம்பிளைகள் கூடிக் கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டு, பிறகு மேசையைச் சுற்றி இருந்து பியர் குடிக்கிற இடம். என்னை அதில் சேர்த்துவிட்டவர் ரூடி. நான் தட்டித் தடவிப் பேசுகிற டொச் பாஷையைக் கேட்டு ஒருநாளும் சிரிக்காத மனுசன். மாசி முடிவில் காலமாகிவிட்டார்.

ஊர்ப் பத்திரிகையில் அறிவித்தல் வந்தது. அடக்கம் குடும்பத்தாருடன் மட்டும் என்று போட்டிருந்தார்கள். கழகத்தில் எல்லோரும் அதை வாசித்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். நானும் வாசித்தேன். ஆனால் செத்த வீட்டுக்கு யாரடா அழைப்பு வைக்கிறது? சொல்லாமல் போகிற இடம் அல்லவா அது? துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று ராஜேஸ்வரி அடக்கத்தன்று காலையிலேயே சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்து, பானையைத் துவாயால் சுற்றித் தந்தாள். எங்கள் பல்கனியில் நின்றால் சேமக்காலைக் கல்லறைகள் தெரியும். ஆட்கள் உள்ளே போவதைக் கண்டதும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே அங்கே போய்விட்டேன்.

போய்ப் பார்த்தால் ரூடியின் மனைவி ஃப்ரேனி, மகள், மருமகன், பாதிரியார். வேறு ஒரு குருவி இல்லை. எல்லோரும் கறுப்பு உடுப்பு. நான் மட்டும் வெள்ளையில், கையில் பானையோடு. மருமகன் வாசலுக்கு வந்து, இது குடும்பத்துக்கு மட்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பிப் போயிருக்கலாம், கால் வரவில்லை மச்சான். எல்லாம் முடியும்வரை மதிலுக்கு வெளியே நின்றேன். கடைசியில் ஃப்ரேனி வந்து என்னைப் பார்த்தார்.

"கழகத்தில எல்லாரும் வரலாமோ எண்டு கேட்டவை. நான் வேண்டாம் எண்டு சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை" என்றார். பானையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அது நன்றியோ கோபமோ எனக்கு விளங்கவில்லை. கழகத் தலைவர் வால்ட்டருக்கு நன்றாக விளங்கியிருக்கிறது. அடுத்த நாளே வந்து, குடும்பத்தின் விருப்பத்தை நான் மதிக்கவில்லை, கழகத்துக்கே வெட்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். இனி வியாழக்கிழமைகளில் போவதில்லை என்று இருக்கிறேன். நீயாவது சொல்லு, நான் செய்தது பிழையோ?

உன்,
தவராஜா


லா ஷோ-து-ஃபோன்,
2024 பங்குனி 20

தவராஜாவுக்கு,

உன் கடிதத்தை மகள் கோபிஷாவுக்கு வாசித்துக் காட்ட என்னிடம் குரல் இல்லை. டொச்சும் பிரெஞ்சும் படித்தவள் தமிழை எழுத்துக் கூட்டித் தானே வாசித்தாள். "தவா மாமாவுக்கு விசரோ?" என்று கேட்டாள். இங்கே பிறந்தவள், அப்படித்தான் கேட்பாள். நானும் அவள் பக்கம்தான். வேண்டாம் என்றால் வேண்டாம், மச்சான்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் செய்ததை நீ அறியமாட்டாய். குரல் போனவனுக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்துக் கத்திக் கதைத்தார்கள். நான் பலகையில் எழுதி முடிக்கமுதல் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். விழாவுக்கு விழா மைக் பிடித்தவனுக்கு இந்தக் கதியா என்று என் முன்னாலேயே அழுதார்கள். உன் முகத்திலும் அந்த இரக்கத்தைப் பார்க்க என்னால் ஏலாது. அதனால்தான் உன்னையும் மறித்தேன்.

இன்னொன்று. தொண்டை வருத்தம் திரும்பி வந்துவிட்டது. இனி வெட்ட இடமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். கோடையைக் காண்பேனோ தெரியாது. என் அறிவித்தலிலும் குடும்பத்தார் மட்டும் என்று போடச் சொல்லியிருக்கிறேன். நீ பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பிள்ளையிடம் பேச்சு வாங்காதே.

ராஜேஸ்வரியைக் கேட்டதாகச் சொல்.

சிவலிங்கம்


பாடனுக்குப் பக்கத்தில்,
2024 சித்திரை 2

மச்சான்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ராஜேஸ்வரி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பல்கனியில் நின்று அழுதேன். உனக்கு மறைத்து என்ன.

நேற்று ஃப்ரேனி வந்தார். பானையைக் கழுவித் துடைத்து, உள்ளே அப்பிள்பழம் வைத்துக் கொண்டுவந்தார். சேமக்காலையில் என்னைக் கண்டதும் கோபம்தான் வந்ததாம். வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்தால் சோறு இன்னும் சூடாக இருந்ததாம். அதற்குப் பிறகுதான் தன்னால் அழ முடிந்தது என்றார். கழகத்துக்கு நான் வராமல் விடக்கூடாது, வால்ட்டரோடு தானே கதைப்பதாகச் சொன்னார். தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"நான் வேண்டாம் எண்டது அடக்கத்துக்கு மட்டும்தான், தவா. கழகத்து ஆக்கள் இன்னும் ஒருத்தரும் என்ர வீட்டுக்கு வரேல்லை."

அதைக் கேட்டதும் எனக்கு உன் வீடுதான் நினைவுக்கு வந்தது. உன் சொல்லை மதிக்கிறேன் என்று நானும் வால்ட்டரைப் போலத்தான் இவ்வளவு காலமும் வீட்டில் இருந்திருக்கிறேன்.

உன் அடக்கத்துக்கு நான் வரமாட்டேன். நீ வேண்டாம் என்றுவிட்டாய், மதிலுக்கு வெளியேயும் நிற்கமாட்டேன். ஆனால் வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். வரலாமோ என்று உன்னைக் கேட்கவில்லை. கத்திக் கதைக்கமாட்டேன். நீ எழுதி முடிக்கும்வரை பொறுத்திருப்பேன். அழமாட்டேன் என்று மட்டும் சொல்ல ஏலாது. அழுகை வந்தால் நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். உனக்காக மனசு கிடந்து துடிக்கிறது மச்சான்.

உன்,
தவராஜா


லா ஷோ-து-ஃபோன்,
2024 சித்திரை 4

தவா,

கடிதம் கிடைத்தது. இதை இன்றே போடச் சொல்லிக் கோபிஷாவிடம் கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும்.

சோறு கொண்டுவராதே, இறங்காது. ராஜேஸ்வரியைத் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சித் தரச் சொல். அவளையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே இன்னும் பனி கிடக்கிறது, நல்ல சப்பாத்துப் போடு. அடக்கத்தைப் பற்றி நேரில் எழுதிக் காட்டுகிறேன்.

மணியை அடித்துவிட்டு வெளியே நின்றுகொண்டிருக்காதே. உள்ளே இருந்து வா என்று கூப்பிட என்னால் முடியாது. கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

சிவலிங்கம்