பூ முடிச்சும் மார் முடிச்சும்

21 ஆகஸ்ட் 1968, புதன்

விடியும்போதே புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது.

தைக்க வேண்டியவை:
தலையணை உறை 6
சின்னவள் பாவாடைக்கு இடுப்புப் பட்டி
இவருடைய பழைய கால்சட்டையில் காய்கறிப் பை
கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை

கடைசி வரிதான் பிரச்சினை. கொழுந்தனுக்கு செப். 5 முகூர்த்தம். பெண் நாட்டரசன்கோட்டை. முகூர்த்தச் சேலையும் ரவிக்கையும் நம் வீட்டிலிருந்து போக வேண்டும். டைலரிடம் கொடுத்துவிடலாம் என்றேன். மாமியார் விட்டால்தானே. "மிஷின் வேணும் மிஷின் வேணும்னு ஒத்தக் கால்ல நின்டீல்ல. இப்பத் தையி."

மிஷின் வந்து நாலு மாதம். இதுவரை தைத்தது உறையும் பையும்தான். இன்று மட்டும் நூல் ஏழு தடவை அறுந்தது. பாபினைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். நாலு மாதத்தில் இதுகூடத் தெரியவில்லை.

22, வியாழன்

ரவிக்கைத் துண்டு வந்தது. அரக்குப் பட்டு, 80 செ.மீ. "அது எத்தனை கெஜம்?" என்று மாமியார் மூன்று தடவை கேட்டார். அந்த நிறத்தில் கடையில் இனி இல்லையாம். தப்பாக வெட்டினால் தீர்ந்தது.

மாலை நாலு மணி பஸ்ஸில் பெண் வீட்டிலிருந்து அளவு நூல் வந்தது. உடுத்திய ரவிக்கையைக் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. பெண்ணை டேப் வைத்து அளக்க நாமும் போகக்கூடாது. ஆகவே ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். நுனியிலிருந்து முதல் முடிச்சு வரை மார். அடுத்தது இடுப்பு. அப்புறம் முதுகு இறக்கம், கை. நல்ல வழக்கம். மனுஷி அளவை நூலில் கட்டி பஸ்ஸில் ஏற்றுகிறார்கள்.

என் கல்யாணத்துக்கும் இப்படி ஒரு நூல்தான் வந்தது. தைத்த லட்சணத்தை இன்னும் மறக்கவில்லை. கையைத் தூக்க முடியவில்லை. மாலை போட இவர் குனிந்தார். அப்படியும் எட்டிப் போட்டதில் அக்குளில் டர்ரென்று கிழிந்தது. பந்தலே சிரித்தது. மேலத்தெரு பெரியம்மாவுக்கு இன்றைக்கும் நான் "டர்ரு". மாமியார் துணியை மிச்சம் பிடிக்க டைலரிடம் குறைத்துத் தைக்கச் சொல்லியிருப்பார். வேறு யார்? பதினோரு வருஷம் ஆகிறது, கேட்டதில்லை. ஆறவும் இல்லை.

இந்தப் பெண்ணாவது கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

23, வெள்ளி

பழைய வேட்டியில் கழுத்து வெட்டிப் பழகினேன். மூன்று கழுத்து. ஒன்றில் தலை போகவில்லை. ஒன்றில் தோளே போய்விடும். மூன்றாவது பரவாயில்லை.

24, சனி

அநியாயம்.

தையல் பெட்டியில் அளவு நூலைக் காணோம். கட்டில் அடி, அடுக்களை, பிள்ளைகளின் பை, எல்லாம் தேடியாயிற்று. கடைசியில் மாமியார் சாவகாசமாக, "அந்த வெள்ளை நூலா? நேத்துப் பூக் கட்ட நார் பத்தல, எடுத்துக் கட்டிட்டேன்."

சாமி படத்தில் நேற்றைய மல்லிகைச் சரமாக அளவு நூல். ஸ்டூல் போட்டு இறக்கி, வாடின பூவை எல்லாம் உதிர்த்தேன். நூல் முழுக்க முடிச்சு. எது பூ முடிச்சு, எது மார் முடிச்சு? போதாக்குறைக்கு நுனியை வேறு கத்தரித்திருக்கிறார்.

"அயித்தை, இது அளவு நூலு!"

"அப்படின்னு அதுல எழுதியா இருக்கு?"

மறுபடி கேட்டு ஆள் அனுப்பலாம் என்றேன். கூடவே கூடாதாம். "அளவு நூலைத் தொலைச்ச வீடும்பாக. கல்யாணத்துக்கு முன்னாடி அபசகுனமாப் பேசுவாக. நீ மூச்சு விடாதே."

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "உன் அளவுக்கே வெட்டிரு." ஆம்பளைகளுக்கு எல்லா ரவிக்கையும் ஒன்று.

26, திங்கள்

தலைவலி. காபிப் பொடி தீர்ந்தது. பெண்ணை நிச்சயத்தன்று ஒரே ஒரு தடவை பார்த்தது. அன்றைக்கு முகத்தைப் பார்த்தேன், சேலையைப் பார்த்தேன். சுற்றளவை யார் பார்த்தார்கள்?

அம்மாவும் மகளும் செவ்வாய்தோறும் அவர்கள் ஊர்க் கோயிலுக்குப் போவார்கள் என்று நிச்சயத்தன்று பேச்சில் வந்தது. எனக்கும் அங்கே ஒரு நேர்த்திக்கடன் இருந்ததாக இன்று ஞாபகம் வந்துவிட்டது. மாமியாரிடம் சொன்னேன். நம்பினார். சாமி மன்னிக்கட்டும்.

27, செவ்வாய்

போய் வந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனது, கால் வீங்கிவிட்டது.

பிரகாரத்தில் இருவரையும் பிடித்தேன். "அடடே, வாங்க வாங்க" என்று பெண்ணின் அம்மா. நான் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளை!" என்று அவளை அப்படியே கட்டிக்கொண்டேன். முதுகுப் பக்கம் என் இடது கை நடுவிரல் வலது கையின் மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. விடாமல் அதை மனப்பாடம் செய்தேன். பெண் திணறியிருப்பாள். கோயிலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா சூடம் வாங்க அங்குட்டு நகர்ந்ததும் பெண் என் காதில்:

"அக்கா, ரவிக்கை நீங்கதான் தைக்கிறீகளா? அந்த நூலை நம்பாதீக. மூச்சை உள்ள இழுத்துக்கன்னு சொல்லித்தான் அம்மா அளந்தாக. அதுலயும் ரெண்டு விரக்கடை குறைச்சுத்தான் முடிச்சுப் போட்டாக."

"எதுக்காம்?"

"பொண்ணு தடின்னு மாப்பிள்ளை வீட்டுல நெனச்சிருவாகளாம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. நூல் பத்திரமாக இருந்திருந்தால் அதை நம்பி அளவு பிசகாமல் தைத்து, இந்தப் பெண்ணுக்கும் ஒரு டர்ரு வாங்கிக் கொடுத்திருப்பேன். மாமியார் பூக் கட்டியது நல்லதாகப் போயிற்று. இதை அவரிடம் சொன்னால் என் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். சொல்லப்போவதில்லை.

திரும்பி வரும்போது ஜன்னல் சீட் கிடைத்தது. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

28, புதன்

தலையணையைப் போர்வையால் சுற்றிச் சுற்றிக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன். விரல் நேற்று நின்ற இடத்துக்கு வரும்வரை. ஐந்தாவது சுற்றில் வந்தது. டேப் வைத்தால் 34.

மாமியார் வாசற்படியில். "என்னத்தா, தலகாணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு? இவன்கிட்டச் சண்டையா?"

வெட்டுவதற்கு முன், மறக்காமலிருக்க:
முதலில் பேப்பரில் வரைந்து வெட்டி, அதைத் துணிமேல் குத்திக்கொள்வது.
பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை இஞ்சு விடுவது. வேண்டுமானால் பிரித்து விடலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.
மிஷினில் ஏற்றுமுன் கையால் நூலோட்டம். இதைச் சோம்பல்பட்டுத்தான் போன உறை கோணிக்கொண்டது.
அக்குளில் சதுரமாய் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்தால் கை தாராளமாகத் தூக்கலாம்.

வெட்டிவிட்டேன். வெட்டும்போது பிள்ளைகள் இரண்டையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

30, வெள்ளி

இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துத் தொலைத்தேன். பிளேடால் பிரித்தேன். பட்டில் ஊசித் துளை தெரிகிறது. தண்ணீர் தொட்டு நகத்தால் நீவினேன், கொஞ்சம் மறைந்தது. கொக்கி வைக்கும்போது விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். நல்லவேளை, துணி அரக்கு.

சாயங்காலம் முடிந்தது. மாமியார் தூக்கிப் பார்த்தார். "பெருசா இருக்கும் போலயே. அவுக அளவு நூலுல இம்புட்டு இல்லையே?"

"நூலை நீங்கதான் பூவுல கட்டிட்டீகளே."

ரவிக்கையை மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார்.

5 செப்டம்பர், வியாழன்

கல்யாணம். மழை இல்லை.

மாலை மாற்றும்போது நான் மேடையைப் பார்க்கவில்லை, அவள் அக்குளைத்தான் பார்த்தேன். இரண்டு கையையும் தூக்கினாள். முழங்கை காதுக்கு மேலே போயிற்று. கொழுந்தன் குனியவே இல்லை. எங்கும் கிழியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர். மேலத்தெரு பெரியம்மாவின் பக்கம் திரும்பி முறைத்தேன். அவர் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6, வெள்ளி

பஸ்ஸில் உறுத்தியது என்னவென்று இன்று தெரிந்தது. வலையபட்டியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த என் அம்மா இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் சாதாரணமாகக் கேட்டேன்.

"என் கல்யாணத்துக்கு அளவு நூல்ல யாரும்மா முடிச்சுப் போட்டது?"

"நாந்தான். ஏன்?"

"குறைச்சா போட்டே?"

"ரெண்டு விரக்கடை. நீ அப்ப புசுபுசுன்னு இருந்தே."

மேற்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

9, திங்கள்

மூன்று நாளாக மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினோரு வருஷம் அந்த மனுஷி மேல் வீணாகக் கருவிக்கொண்டிருந்திருக்கிறேன். எப்படிச் சொல்வது? சொல்ல வாய் வரவில்லை. மிச்சத் துணியெல்லாம் புரட்டி நீலத்தில் ஒரு துண்டு எடுத்தேன்.

"அயித்தை, உங்களுக்கு ஒரு ரவிக்கை தைக்கிறேன். நில்லுங்க, அளக்கணும்."

"எனக்கா? என்ன திடீர்னு?"

"பதினோரு வருஷமா உங்களைத்தான் நெனச்சேன்."

"என்னன்டு?"

"ஒண்ணுமில்ல. கையைத் தூக்குங்க."

தூக்கினார். டேப்பைச் சுற்றினேன். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு நின்றார்.

"மூச்சை விடுங்க அயித்தை."

விடவில்லை. இரண்டு இஞ்சு கூட்டி எழுதிக்கொண்டேன்.